விண்மீன் திரள்களின் மருந்துக் கலவை

விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் செய்யப்படும் மத்தாப்புகளும் பேன்சி வாணங்களும் எந்த நிறத்தில் எரியும் என்பதை அவற்றின் மருந்தில் சேரும் உப்பே முடிவு செய்கிறது. ஸ்ட்ரான்ஷியம் சிவப்பையும், சோடியம் மஞ்சளையும், தாமிரம் நீலத்தையும், உச்ச நீதிமன்றம் 2018இல் தடை செய்த பேரியம் உப்புகள் பச்சையையும் தருவன. சூடேறி ஆவியான ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய அலைநீளங்களில் ஒளியை உமிழ்கிறது என்பதை 1860ஆம் ஆண்டை ஒட்டி ஜெர்மனியில் கிர்க்காஃபும் புன்சனும் நிறுவியதிலிருந்து, தொட முடியாத தொலைவில் உள்ள பொருளின் இயைபையும் அதன் ஒளியைப் பிரித்தே அறியலாம் என்றாயிற்று.

ஆயினும் வானத்தின் பச்சை பேரியத்தால் வருவதன்று. 1864இல் ஆங்கிலேயரான வில்லியம் ஹக்கின்ஸ் ஒரு நெபுலாவின், அதாவது ஒளிரும் வாயு முகிலின், ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது அறிந்த எத்தனிமத்துக்கும் பொருந்தாத பச்சைக் கோடுகளைக் கண்டார். அவை ‘நெபுலியம்’ என்னும் புதுத் தனிமத்துக்கு உரியவை என்று பிற்பாடு கருதப்பட்டது. 1927இல் அமெரிக்கரான ஐரா போவன், அவை இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜனின் கோடுகளே என்று காட்டினார். ஆய்வகக் குழாய்களில் அடைபட்ட வாயுவின் அணுக்கள் அடிக்கடி மோதிக்கொள்வதால் இவ்வொளி பிறக்குமுன் அதற்குரிய ஆற்றல் பறிபோய்விடுகிறது. விண்வெளி வாயு மிக மெலிந்தது என்பதால் அங்கு அத்தடை இல்லை.

இந்தப் பச்சைக் கோட்டைக் கொண்டுதான் வானியலாளர் லெனார்ட் சேர்ல் 1971இல் சில சுருள் விண்மீன் திரள்களை ஆராய்ந்தார். மையத்திலிருந்து விளிம்பை நோக்கிச் செல்லச் செல்ல, ஹைட்ரஜன் கோட்டோடு ஒப்பிடுகையில் ஆக்சிஜனின் பச்சை வலுத்தது. மேலோட்டமாகப் பார்ப்பவர் விளிம்பில் ஆக்சிஜன் மிகுதி என்றே முடிவு கட்டுவார். சேர்ல் அதற்கு நேர்மாறான முடிவுக்கு வந்தார், அதுவே சரி. வாயுவின் வெப்பத்தை ஒளியாக்கி வெளியேற்றுவதில் ஆக்சிஜனுக்கே பெரும் பங்கு உண்டு என்பதால், அது குறைந்த இடத்தில் வாயு தணியாமல் சூடேறுகிறது. அச்சூட்டில் எஞ்சிய ஆக்சிஜன் அணு ஒவ்வொன்றும் கூடுதலாக ஒளிர்கிறது. ஆக்சிஜன் மிகவும் அருகிவிட்டால் ஒளியும் குன்றிவிடும் என்பதால், ஒரே பிரகாசத்துக்கு இரு விடைகள் அமையக்கூடும். எனவே 436.3 நானோமீட்டரில் உள்ள மங்கலான மற்றோர் ஆக்சிஜன் கோட்டால் வெப்பநிலையைத் தனியே கணித்த பின்னரே அளவு கூறுவது நம்பத்தக்க முறையாகும்.

பால்வழித் திரளிலும் ஆக்சிஜனின் இவ்விறக்கம் உண்டு. மையத்திலிருந்து ஏறத்தாழ 3,260 ஒளியாண்டுகள் விலகும்தோறும் ஆக்சிஜன் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. உட்பகுதியில் விண்மீன்கள் முன்பே மிகுதியாகப் பிறந்து, மடிந்து, தாம் சமைத்த தனிமங்களை வாயுவில் கலந்துவிட்டன. விளிம்பிலோ அவ்வேலை மெதுவாக நடக்கிறது, வெளியிலிருந்து வந்து விழும் புது வாயுவும் கலவையை நீர்க்கச் செய்கிறது. எல்லாத் தனிமங்களும் ஒரே வேகத்தில் சேர்வதில்லை. ஆக்சிஜன் குறுகிய ஆயுளுடைய பெருவிண்மீன்களிடமிருந்து விரைவில் வருகிறது. இரும்பின் பெரும்பகுதி வெள்ளைக் குள்ளன்கள் எனப்படும் விண்மீன் எச்சங்கள் வெடிப்பதால் காலந்தாழ்ந்து வருகிறது. ஸ்ட்ரான்ஷியம் பெரும்பாலும் முதிய விண்மீன்களில் உருவாவது. 2017இல் காணப்பட்ட நியூட்ரான் விண்மீன் மோதலின் ஒளியிலும் அதன் தடயம் இருந்ததை 2019இல் வெளியான ஆய்வு காட்டியது.

திரளின் பருமனும் முக்கியமானது. சிறு திரள்களின் ஈர்ப்பு வலுவற்றது என்பதால், விண்மீன் வெடிப்புகள் கிளப்பும் காற்று அவற்றின் செறிவூட்டிய வாயுவை வெளியே தள்ளிவிடுகிறது. இத்தகைய சிறு திரள்களான மெகல்லன் மேகங்களுள், பெரிய மெகல்லன் மேகத்தில் சூரியனில் உள்ள கனமான தனிமங்களின் விகிதத்தில் ஏறத்தாழப் பாதியும், சிறிய மெகல்லன் மேகத்தில் ஐந்தில் ஒரு பங்குமே உள்ளன. சிவகாசியிலிருந்து பார்த்தால் பெரிய மேகம் தெற்கு அடிவானத்துக்கு மேல் சுமார் 11 பாகைக்கு மேல் எழாது என்பதால் அதைக் காண்பது அரிது.

ஓரியன் நெபுலாவைக் காண்பது எளிது. மார்கழி, தை மாத முன்னிரவுகளில் வரிசையாகத் தோன்றும் மூன்று விண்மீன்களுக்குத் தெற்கே அது வெறுங்கண்ணுக்கும் மங்கலாகத் தெரியும். ஓரளவு பெரிய தொலைநோக்கியால் பார்ப்பவர்கள் அதன் பச்சைச் சாயலையும் காணலாம், அதில் பெரும்பங்கு ஆக்சிஜனுடையது.