வரைபடத்தில் கை வைப்பதற்கு முன்

வீட்டு கராஜில் விமானம் செய்கிறேன் என்று சொன்னால் நம்மாட்கள் முதலில் சிரிப்பார்கள். அடுத்து, "ரிமோட்ல பறக்கிற பொம்மையா?" என்பார்கள். இல்லைங்க, ஆள் ஏறிப் பறக்கிற நிஜ விமானம்தான். அதுவும் மரத்தில்.

அமெரிக்காவில் சட்டம் இதற்கு இடம் தருகிறது. பாதிக்கு மேற்பட்ட வேலையைக் கற்றுக்கொள்வதற்காகவோ பொழுதுபோக்காகவோ நாமே செய்திருக்க வேண்டும். வேலை முடிந்ததும் அதிகாரி வந்து பார்ப்பார். "எக்ஸ்பெரிமென்டல்" என்று விமானத்தில் எழுதி வைக்க வேண்டும். பிறகு வழக்கமாக 25 அல்லது 40 மணி நேரச் சோதனைப் பறப்பு. அதுவரை பயணிகளை ஏற்றக் கூடாது. ஆனால் வரைபடத்தில் நீங்கள் எதை மாற்றினாலும், "இந்த வடிவமைப்பு சரியா?" என்று கணக்குப் போட்டுப் பார்த்து ஒப்புதல் தர யாரும் இல்லை. அந்தப் பொறுப்பு செய்பவருடையது.

நான் செய்வது பீட்டன்போல் ஏர் கேம்பர். மினசோட்டாவின் செர்ரி குரோவ் என்ற சின்ன ஊரில் பெர்னார்ட் பீட்டன்போல் 1929-இல் ஃபோர்டு மாடல் ஏ கார் எஞ்சினைப் பூட்டிப் பறக்கவிட்ட விமானம். 1932-இல் இதன் வரைபடம் ஒரு கையேட்டில் அச்சானது. இன்றும் ஆட்கள் செய்துகொண்டே இருக்கிறார்கள். தலைக்கு மேலே ஒரே இறக்கை, திறந்த இரண்டு இருக்கைகள். ஓட்டுபவர் பின்னால், பயணி முன்னால். அந்த முன் இருக்கையை என் ஏழு வயது மகள் இப்போதே பிடித்து வைத்துவிட்டாள். அதனால் ஒவ்வொரு மாற்றத்தையும் இரண்டு முறை யோசிக்கிறேன்.

"ஏங்க, இவ்ளோ குறுகலா இருக்கே, ரெண்டு இன்ச் அகலப்படுத்தினா என்ன?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. உடற்பகுதியின் அகலம் 24 அங்குலம்தான். பலர் இதை அகலப்படுத்திப் பறந்தும் இருக்கிறார்கள். ஆனால் அந்த இரண்டு அங்குலம் தனியாக வராது. குறுக்குச் சட்டங்கள், தரைப்பலகை, இறக்கையைத் தாங்கும் கம்பங்கள் உட்காரும் இடம், சக்கரக் கால்களைப் பூட்டும் இரும்புப் பட்டைகள் என்று எல்லாமே நகரும். புரோகிராமில் ஒரு வரியை மாற்றினால் எங்கெல்லாம் இடிக்கிறது என்று தேடுவோமே, அதே கதைதான். ஒரே வித்தியாசம், புரோகிராமில் பழைய வெர்ஷனுக்குத் திரும்பிவிடலாம். எபாக்ஸி பசை இறுகிய பிறகு திரும்ப முடியாது.

அடுத்தது எஞ்சின். பழைய ஃபோர்டு எஞ்சினும் ரேடியேட்டரும் நல்ல கனம். அதற்குப் பதிலாக 65 குதிரைத்திறன் கான்டினென்டல் விமான எஞ்சின் வைத்தால் எடை குறையும். லாபம்தானே என்று தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சமநிலைப் புள்ளிக்கு 1.2 மீட்டர் முன்னால் 30 கிலோ குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். 450 கிலோ விமானத்தில் அந்தப் புள்ளி சுமார் 8 சென்டிமீட்டர், அதாவது மூன்று அங்குலத்துக்கு மேல், பின்னால் போய்விடும். 5 அடி அகலமுள்ள இந்த இறக்கையில் அந்தப் புள்ளி நகர அனுமதிக்கப்படும் தூரமே ஏறக்குறைய 5 அங்குலம்தான். வால் கனத்த விமானம் வேகம் இழந்தால் மூக்கைத் தாழ்த்தி மீட்பது கஷ்டம். அதனால் இலகுவான எஞ்சின் வைப்பவர்கள் எஞ்சினை இன்னும் முன்னால் தள்ளுவார்கள், அல்லது இறக்கையைச் சில அங்குலம் பின்னால் சாய்ப்பார்கள். நான் இரண்டாவது வழியை எடுத்திருக்கிறேன்.

"இறக்கையை மெல்லிசாக்கினால் வேகம் கூடுமே" என்பார்கள் சிலர். இறக்கைக்குள் நீளமாக ஓடும் மரச்சட்டத்தைத்தான் ஸ்பார் என்கிறோம். முழு பாரத்தையும் தாங்குவது அது. செவ்வகச் சட்டத்தின் வளைவு வலிமை உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. உயரத்தில் 10 சதவீதம் குறைத்தால் வலிமையில் 19 சதவீதம் போய்விடும்.

மரத்தை மாற்றினாலும் இப்படித்தான். சிட்கா ஸ்ப்ரூஸ் விலை அதிகம் என்று டக்ளஸ் ஃபர் வாங்குபவர்கள் உண்டு. அது இன்னும் வலிமையானதுதான், ஆனால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கனம் கூடும். எந்த மரமானாலும் நார் ஓட்டம் 15 அங்குல நீளத்துக்கு 1 அங்குலத்துக்கு மேல் சாயக் கூடாது.

ஆபத்து எப்போதும் பெரிய மாற்றத்தில்தான் இருக்கும் என்றும் இல்லை. பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். அவர் ஓட்டியது வேறொருவர் கட்டிய லாங்-ஈசி. மர விமானம் அல்ல, ஃபைபர் கண்ணாடி. எரிபொருள் டாங்கை மாற்றும் வால்வ், பர்ட் ரூட்டனின் வரைபடத்தில் விமானியின் கால்களுக்கு நடுவே இருந்தது. கட்டியவர் அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்தார். எரிபொருள் குழாய் விமானி உட்காரும் இடத்துக்குள் வரக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். விமானி உடம்பைத் திருப்பி அதை எட்டும்போது கால் தவறுதலாக வலது ரட்டரை மிதித்து, விமானம் கட்டுப்பாட்டை இழந்தது என்று விசாரணை முடிவு சொன்னது. கைக்கு எட்டாத வால்வையும் அது காரணங்களில் ஒன்றாகச் சேர்த்தது. ஒரு வால்வை இடம் மாற்றியதால் விமானத்தின் வலிமை கொஞ்சமும் குறையவில்லை. அந்த மாற்றத்தோடு மனிதர் எப்படி ஓட்டுவார் என்பதுதான் கணக்கில் வராமல் போனது.

அப்படியானால் எதையுமே மாற்றக் கூடாதா? அப்படி இல்லை. 1929-இன் வால் சறுக்குக் கட்டை புல்தரைக்குச் சரி, இன்றைய தார் ஓடுபாதைக்கு வால் சக்கரமும் பிரேக்கும் வேண்டும். ஆனால் பிரேக் வைத்தால், அழுத்தும்போது மூக்குக் குத்தாமல் இருக்க அச்சை முன்னால் தள்ள வேண்டும். தோள் பெல்ட்டும் அவசியம், அதை பலமான சட்டத்தில்தான் பூட்ட வேண்டும். இரண்டையும் செய்கிறேன். அகலத்தில் கை வைக்கவில்லை. மகளுக்கு 24 அங்குலம் தாராளம், எனக்குத்தான் கொஞ்சம் நெருக்கடி.

மாற்ற ஆசை வரும்போது நான் மூன்று கேள்விகளை நோட்டில் எழுதுகிறேன். வடிவமைத்தவர் ஏன் இப்படி வைத்தார்? இதை நகர்த்தினால் வேறு எவை நகரும்? இதே மாற்றத்தைச் செய்து பறந்தவர் யாராவது உண்டா? முதல் கேள்விக்குப் பதில் தெரியாதவரை ரம்பத்தைத் தொடுவதில்லை. விமானம் கட்டுவோர் சங்கமான ஈ.ஏ.ஏ.வின் தன்னார்வ ஆலோசகர்கள் வீட்டுக்கே வந்து இலவசமாகப் பார்த்துச் சொல்வார்கள். அவர்களிடமும் அந்த நோட்டைத்தான் முதலில் நீட்டுகிறேன்.

ஜூலைக் கடைசியில் விஸ்கான்சின் பக்கம் போனால், குழந்தைகளோடு ஆஷ்காஷ் விமானத் திருவிழாவுக்குப் போய் வாருங்கள். கட்டியவர்களே தங்கள் விமானத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். "எவ்வளவு வேகம் போகும்?" என்று எல்லாரும் கேட்பார்கள். நீங்கள், "வரைபடத்திலிருந்து எதை மாற்றினீங்க, ஏன்?" என்று கேளுங்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உங்களை உட்காரவைத்துப் பேசுவார்கள்.