ரேஷன் கார்டை ரத்து பண்ணது யாரு? அரசு ஆபீஸும் ஏஐயும்

அரசு ஆபீஸுக்குள்ள ஏஐ வந்தாச்சு. அதுக்கும் சட்டத்துக்கும் நடுவுல பாலம் யாரு போடணும்? இன்னைக்கு எபிசோட் அதைப் பத்திதான்.

பாப்பிரெட்டிப்பட்டி இ-சேவை மையத்துல ஒருத்தர் வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறார்னு வச்சுக்கோங்க. ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ எல்லாம் அப்லோட் ஆகுது. விஏஓ, ஆர்ஐ, தாசில்தார்னு ஃபைல் நகருது. நடுவுல யாராவது, வேலை சீக்கிரம் முடியட்டும்னு அதை அப்படியே ஒரு இலவச சாட்பாட்ல போட்டு சுருக்கம் கேட்டா? அந்த நிமிஷமே தகவல் அரசு சர்வரை விட்டு வெளியே போயிடுச்சு. அப்புறம் அதைத் திரும்ப வாங்க வழியில்லை. இந்தக் கவலையிலதான் 2025 ஜனவரியில மத்திய நிதி அமைச்சகம், ஆபீஸ் கம்ப்யூட்டர்ல சாட்ஜிபிடி, டீப்சீக் மாதிரியான டூல்களைத் தவிர்க்கச் சொல்லி ஊழியர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பிச்சு.

சரி, தடை போட்டா முடிஞ்சுதா? இல்லை. அரசே சொந்தமா கட்டின சிஸ்டமும் தப்பு பண்ணும். தெலங்கானாவோட 'சமக்ர வேதிகா' பல துறைகளோட டேட்டாபேஸை இணைச்சு, யாருக்கு ரேஷன் தகுதி இருக்குன்னு கணிச்சது. பேர் ஒரே மாதிரி இருந்ததால, வேற யாரோட காரோ ஒரு ஏழைக் குடும்பத்துக் கணக்குல ஏறின சம்பவமும் உண்டு. நேர்ல போய்ப் பார்க்காம கார்டு ரத்தானா, வீட்ல அரிசி நின்னுடும். விஷயம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. ரத்தான சுமார் 19 லட்சம் கார்டுகளைக் களத்துல போய்ச் சரிபார்க்கச் சொல்லி 2022ல உத்தரவு வந்துச்சு.

சட்டம் என்ன கேக்குது? தமிழ்நாடு 2020லேயே பாதுகாப்பான, நெறிசார்ந்த ஏஐ கொள்கையை வெளியிட்டுச்சு. மக்கள் பயன்பாட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி ஏஐ சிஸ்டத்துக்கு மார்க் போட 'டீப்-மேக்ஸ்'னு ஒரு மதிப்பெண் அட்டை அதுல இருக்கு. நியாயம், தனியுரிமை, தணிக்கை எல்லாத்துக்கும் மார்க். செர்ட்-இன் 2022 உத்தரவுப்படி, சைபர் சம்பவம் தெரிஞ்ச 6 மணி நேரத்துக்குள்ள தகவல் சொல்லணும். லாக்ஸை 180 நாள் வச்சிருக்கணும். 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல, பாதுகாப்புல கோட்டை விட்டா அபராதம் 250 கோடி ரூபாய் வரைக்கும் போகும்.

இதை கோடா மாத்தினா எப்படி இருக்கும்? மாடலுக்குப் போறதுக்கு முன்னாடியே ஆதார் எண்ணை மறைச்சிடணும். எந்த மாடல், எந்த வெர்ஷன், எந்த டேட்டாவை வச்சு முடிவு சொல்லிச்சுன்னு லாக் ஆகணும். 'தகுதி இல்லை'ன்னு மாடல் சொன்னா, அது பரிந்துரை மட்டும்தான். கையெழுத்து ஒரு அதிகாரியோடது. காரணம் தமிழ்ல, விண்ணப்பதாரருக்குப் புரியற மாதிரி வரணும். மேல்முறையீடு எங்கன்னும் அதுலயே இருக்கணும்.

பல டீம்கள்ல இதெல்லாம் கடைசி வாரம் டிக் அடிக்கிற செக்லிஸ்ட். அப்போ லாக் டேபிளே இல்லைன்னு தெரிஞ்சா, டிசைனையே பிரிக்கணும். கம்ப்ளையன்ஸ் ஆளும் இன்ஜினியரும் முதல் நாளே ஒரே மேஜையில உக்காந்தா அந்தச் செலவு மிச்சம்.

நீங்க அரசு ப்ராஜெக்ட்ல இருந்தா, அடுத்த மீட்டிங்ல ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இந்த மாடல் தப்பு பண்ணா, பாப்பிரெட்டிப்பட்டியில இருக்கிற அந்த ஆளு யாரைப் போய்ப் பார்க்கணும்?" பதில் வரலைன்னா, அந்த சிஸ்டம் இன்னும் ரெடியாகலை.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.