சிப்பியின் கலமும் உப்பின் ஏற்றத்தாழ்வும்

மாரிமழை பலத்ததும், மட்டக்களப்பு முகத்துவாரத்தின் மணற்றடையை வெட்டிவிடுவதா, தானே உடையும்வரை பொறுத்திருப்பதா என்ற பேச்சு எழுவதுண்டு. வயலில் வெள்ளம் தேங்குவது பற்றியதே அப்பேச்சு. களப்பினடியிற் கிடக்கும் சீவன்களை அதில் நினைப்பார் அரியர். மீனானால் நீந்தி விலகிவிடும். பாறையில் ஒட்டிய சிப்பிக்குப் போக்கிடம் ஏது?

கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புண்டு. பெருமழையிற் கழிமுகத்து நீரின் உப்பு மிகவுங் குறைந்துவிடுகிறது. மீனைப் போலத் தன் குருதியின் உப்பளவை நிலையாக வைத்திருக்கச் சிப்பியால் இயலாது. வெளிநீர் எவ்வாறோ அவ்வாறே அதன் உடனீரும். நீர் நன்னீரானதும் சிப்பி முதலிற் செய்வது ஓட்டை இறுக மூடிக்கொள்வதே. உணவில்லை, புதிய ஒட்சிசன் இல்லை, இதயத்துடிப்பும் மெதுவாகிறது. எனினும் எத்தனை நாள் அடைந்து கிடப்பது?

திறந்தவுடன் பிரசாரணத்தால் நீர் கலங்களுட் புகுகிறது, கலம் வீங்குகிறது. உப்பிட்ட வெள்ளரித்துண்டு நீரைவிட்டுச் சுருங்குவதை அடுக்களையிற் கண்டிருப்பீர்கள். இது அதற்கு நேர்மாறு. வீக்கந் தணியக் கலம் தன்னுட் சேர்த்துவைத்த தோரின், கிளைசீன், அலனைன் முதலிய அமினோவமிலங்களை வெளிவிடுகிறது. உப்புக் கூடினாலோ அவற்றையே மீண்டுஞ் சேர்க்கிறது. உவர் மிகுந்த நீர்ச் சிப்பியின் இனிப்புச் சுவைக்கும் இவையே காரணமாம். (நாம் சுவைத்தறியோம், உண்போர் கூறக் கேட்டதே.)

இதற்கிடையிற் கலத்திலுள்ள புரதங்கள் உருக்குலைகின்றன. அவற்றை மீண்டும் உரியவாறு மடித்தெடுப்பவை வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள். 1962 இல் இத்தாலிய அறிஞர் றிற்றோசா, சூடேறிய பழ ஈயின் நிறமூர்த்தங்களிற் கண்ட வீக்கங்களே இவற்றைக் கண்டறிய வழிவகுத்தன. பெயரில் வெப்பம் இருப்பினும் உப்பின் மாற்றத்துக்கும் இவை எழுகின்றன. பசிபிக் சிப்பியின் பரம்பரையலகுத் தொகுதி 2012 இல் வெளியானபோது, இவற்றுள் ஒருவகைக்கே 88 பரம்பரையலகுகள் இருக்கக் கண்டனர். மனிதனுக்கு 17 தான்! அசையாது கிடந்து அனைத்தையுந் தாங்கும் சீவனுக்கு இத்துணைக் கருவிகள் வேண்டியிருந்தன போலும்.

ஆயினும் இப்பழுதுபார்ப்புக்கெல்லாம் சத்து வேண்டும். வாய்மூடிப் பட்டினி கிடப்பது அதை எங்கே பெறும்? குளிர்காலத்திற் செலவு குறைவாகையால் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். வெப்பநீரில் விரைவில் மடிகிறது. 2019 இல் அமெரிக்காவின் மிசிசிப்பியாறு பெருகியபோது, நியூ ஓர்லியன்ஸ் நகரைக் காக்கப் பொனே காரே வடிகாலை இருமுறையாக, மொத்தம் 123 நாட்கள் திறந்துவிட்டனர். இரண்டாம் முறை மே முதல் யூலை வரை, கடுங்கோடை. நகர் தப்பிற்று; மிசிசிப்பிக் கரையோரச் சிப்பித் திடல்களிற் பத்தில் ஒன்பதுக்கு மேல் அழிந்தன. சிப்பியெடுப்போர் பிழைப்பிழந்தனர்.

அதற்காக நன்னீரே பகையென்று எண்ணற்க. அக்கரையோரத்தில் உவர் மிகுந்தால் ஓட்டைத் துளைத்துண்ணும் நத்தையும் ஒட்டுண்ணி நோயும் பெருகிச் சிப்பியை அழிக்கின்றன. அளவான நன்னீரே அவற்றை அடக்கிவைக்கிறது. ஆகவே அங்குள்ளோர் இன்று கேட்பது வடிகாலைத் திறக்கலாமா என்பதன்று. எந்த மாதத்தில், எத்தனை நாளைக்கு என்பதே.