மிதி தளர்ந்த வண்டி

நமது சங்கத்தின் பழைய லாண்ட் ரோவர் வண்டியை அறியாத அங்கத்தவர் இலர். ஒரு நாள் கோவாவும் கரட்டும், மறுநாள் கைத்தறிச் சேலைப் பொதிகளும் என அது சுமந்த சுமைக்குக் கணக்கில்லை. கமத்தொழிலுக்கு உதவவென 1948ஆம் ஆண்டில் அறிமுகமான இங்கிலாந்து வண்டி இனம் அது. நம்முடையது 1971 முதல் 1985 வரை செய்யப்பெற்ற மூன்றாம் வரிசையைச் சேர்ந்தது. அதனை விற்றுவிடலாம் என்னும் பிரேரணை அண்மையில் நிர்வாகக் குழுவின் முன் வந்தபடியால், நடந்ததை அங்கத்தவர்களுக்கு எடுத்துரைப்பது நம் கடமையாயிற்று.

தம்புள்ளைச் சந்தைக்குச் சென்ற வண்டி, வழியிலேயே கிளச்சு மிதி தரையோடு ஒட்டிக்கொள்ள, கியர் மாறாமல் நின்றது. மரக்கறி நண்பகலுக்குப் பின்னரே சந்தை சேர்ந்தது. கிடைத்த விலையைச் சொல்லாமல் விடுவதே நன்று. வண்டியை இழுத்துச் சென்ற கராஜில், எதனையும் திறந்து பாராமலே, கிளச்சுத் தட்டுத் தேய்ந்துவிட்டது, கியர்ப்பெட்டியை இறக்கவேண்டும் என்றனர். அவர்கள் கூறிய தொகையைக் கேட்டே விற்பனைப் பேச்சு எழுந்தது.

ஓய்வுபெற்ற சாரதியாகிய மூத்த அங்கத்தவர் ஒருவர் குழுவினரிடம் ஒரே ஒரு வினாவை விடுத்தார்: “ஐயா, தட்டுத் தேய்ந்தால் என்ஜின் இரைந்தும் வண்டி இழுக்காது. இங்கேயோ கிளச்சு விடுபடவே இல்லை. இரண்டும் ஒன்றாகுமா?” மிதியை விரைவாக நாலைந்து முறை அழுத்தியபோது சிறிது பிடிப்பு வந்தது, அழுத்தியபடியே வைத்திருக்க, மெல்லத் தாழ்ந்தது. கியர்ப்பெட்டி அருகிலுள்ள கீழ்ச் சிலிண்டரின் ரப்பர் உறை உலர்ந்திருந்தது. மிதியின் மேற்புறத்திலோ ஈரம். குற்றம் மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே தேய்ந்த ரப்பர் சீலில் இருந்தது. அழுத்தம் பெறவேண்டிய ஒயில் அதனைத் தாண்டிப் பின்னே கசிந்துகொண்டிருந்தது.

சீலை மட்டும் மாற்றினால் போதாதா என்று நாமும் கேட்டோம். சிலிண்டரின் உட்சுவரில் துருக்குழி இருப்பின் புதிய சீலும் விரைவில் அறுந்துபோகும் என்றார். திறந்தபோது அவ்வாறே இருந்தது. ஆகவே முழுச் சிலிண்டரையே மாற்றினோம்.

குழாய்த் திருகைச் சரியான அளவு ஸ்பானரால் கழற்றி, மிதிப்பெட்டியை மிதியோடு வெளியே எடுத்து, மேசைமீது வைத்துச் சிலிண்டரைப் பிரித்தோம். ஒயில் பட்ட இடத்தில் வண்டிச்சாயம் உரிந்துவிடுமாதலால் தண்ணீரும் துணியும் அருகிலேயே இருந்தன. பிரேக் ஒயிலைத் தவிர வேறு எண்ணெய் ஊற்றலாகாது. என்ஜின் ஒயில் பட்டால் சீல்கள் ஊதிக் கெடும்.

யாவற்றினும் நுட்பமானது தள்ளுகோலின் அளவு. அதற்கும் பிஸ்டனுக்கும் இடையே ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 1.5 மில்லிமீற்றர், இடைவெளி வேண்டும். இன்றேல் பிஸ்டன் முற்றும் பின்வாங்காது. ஒயில் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை மூடியே இருக்கும். அழுத்தம் அடைபட்டு, கிளச்சு வழுக்கி, நல்ல தட்டும் கருகும். அருகில் நின்ற நெசவாளர் ஒருவர், “மிதிகட்டைக் கயிற்றை விறைக்கக் கட்டினால் விழுது கீழே இறங்காது, அதே சங்கதிதான்” என்றார். நாம் இவ்வளவு எழுதியும் அவரைப்போல் விளக்கியதாகத் தோன்றவில்லை.

பின்னர்க் காற்றை வெளியேற்றினோம். ஒருவர் மிதியை அழுத்த, மற்றவர் கீழ்ச் சிலிண்டரின் முலைத்திருகைத் திறந்து, மிதி எழுமுன் மூடவேண்டும். அதில் மாட்டிய குழாயின் நுனி போத்தலிலுள்ள ஒயிலில் அமிழ்ந்திருக்கவேண்டும். ஒரு முறை தொட்டி வற்றியதைக் கவனியாமல் மீண்டும் காற்றை உள்ளே விட்டுவிட்டோம், தவறு நம்முடையதே. குமிழி நின்றபின் மிதி கெட்டியாயிற்று.

பிரேரணை திரும்பப் பெறப்பட்டது. கீழ்ச் சிலிண்டருக்குச் செல்லும் ரப்பர்க் குழாயும் பழையதாகையால், அதனை மாற்றுவதற்கான செலவு அடுத்த கூட்டத்தில் அனுமதிக்கு வைக்கப்படும்.