பெரிய கை, சின்ன கை

கச்சிராயப்பாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு வண்டி மலையேறத் தொடங்கியதுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மடியில் ஒரு சீட்டுக்கட்டு, மஞ்சள் பையில் ஒரு படி புளியங்கொட்டை. வெள்ளிமலையில் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் இன்று ராத்திரி ஒமாஹா ஹை-லோ போக்கர்! கல்வராயன் மலைக்கு இதைவிடப் பொருத்தமான சீட்டாட்டம் கிடையாது. மலையே பெரிய கல்வராயன், சின்ன கல்வராயன் என்று உயரத்தை வைத்துப் பிரிந்துதானே கிடக்கிறது?

(காசா? மூச்! காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டத்துக்குத் தடை போடும் மத்தியச் சட்டமே 2025 ஆகஸ்டில் வந்துவிட்டது. எங்கள் திண்ணையில் புளியங்கொட்டைதான் நாணயம். பெரிய நோட்டு வேண்டுமென்றால் கடுக்காய்.)

நாம் பார்த்த மூணு சீட்டு எப்படி? ராஜா ராணி வந்தவன் தொடை தட்டுவான். ரெண்டும் நாலும் வந்தவன் கவிழ்த்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவான். ஹை-லோவில் அந்தச் சப்பைச் சீட்டுக்காரனும் எழுந்திருக்க மாட்டான். நடுவில் குவிந்ததில் பாதி பெரிய கைக்கு, மறுபாதி சின்ன கைக்கு.

இந்த யோசனை முதலில் வளர்ந்தது அமெரிக்காவின் வீட்டு மேசைகளில். அங்கே ஒரு வழக்கம் உண்டு: கடைசியில் ஆளுக்கு ஆள் பந்தய வில்லைகளைக் கைக்குள் மறைத்து நீட்டி, ஒன்றாக விரிப்பார்கள். எத்தனை வில்லை என்பதை வைத்து, பெரிசுக்குப் போட்டியா, சின்னதுக்கா, இரண்டுக்குமா என்று தெரியும். படித்ததும் துள்ளிவிட்டேன். அட, இது நம்ம ஒத்தையா ரெட்டையா! லாஸ் வேகாஸ் சூதாட்டக் கூடங்களில் இந்த நாடகம் வேண்டாம். சீட்டை விரித்தால் சீட்டே பேசும்.

ஒமாஹா அங்கே வந்த கதைதான் ருசி. 1980-களின் தொடக்கத்தில் ராபர்ட் டர்னர் என்ற ஆட்டக்காரர் ஒரு புது ஆட்டத்தை கோல்டன் நக்கெட் கூடத்தின் பில் பாய்டிடம் கொண்டுபோய்க் காட்டினார். பாய்ட் பழைய ஐந்து சீட்டு ஸ்டட் ஆட்டத்தில் பெரும் புள்ளி. பிடித்துப்போனது, கூடத்தின் பெயரையே சூட்டி 'நக்கெட் ஹோல்டம்' என்று மேசையில் இறக்கினார். பிற்பாடு ஒமாஹா என்ற பெயர்தான் நின்றது. பாதிக்குப் பாதி பிரிக்கும் பழைய வழக்கம் இதோடு கைகோத்ததும் ஆட்டம் வேறு மாதிரி ஆகிவிட்டது. 1990-ல் அது உலக போக்கர் தொடரில் தனிப் போட்டி. 1997-ல் அந்தத் தொடரின் ஹை-லோ போட்டி ஒன்றில்தான் ஸ்காட்டி நுயென் என்ற ஆட்டக்காரர் தன் முதல் வெற்றிக் காப்பை வாங்கினார். மறுவருஷமே முதன்மைப் போட்டியையும் அள்ளினார்.

சரி, திரையை விலக்குகிறேன், கிட்ட வாங்க. கையில் நாலு சீட்டு, நடுவில் பொதுவாக ஐந்து. கையிலிருந்து கட்டாயம் இரண்டு, நடுவிலிருந்து கட்டாயம் மூன்று. சின்ன கைக்கு ஐந்தும் எட்டு அல்லது அதற்குக் கீழே, ஜோடி இல்லாமல் இருக்கணும். ஏஸ் இங்கே ஒன்று. பெரிய கையில் எல்லாவற்றுக்கும் மேல். என்னைக் கேட்டால் இந்த எட்டு நிபந்தனைதான் ஆட்டத்தின் உயிர். அது இல்லாவிட்டால் எந்தக் குப்பையும் பாதிக்குக் கை நீட்டும். நடுவில் எட்டுக்கு மேற்படாத, ஜோடி இல்லாத மூன்று சீட்டு விழாவிட்டால் சின்ன கையே கிடையாது, முழுக் குவியலும் பெரிய கைக்கு.

ராத்திரி திண்ணையில் ஆட்டம் தொடங்கியது. என் கையில் ஏஸ், ரெண்டு, இரண்டு ராஜா. நடுவில் நாலு, ஏழு, எட்டு, ராஜா, ஜாக்கி. மூன்று ராஜாவால் பெரிய பாதி! ஏஸ், ரெண்டு, நாலு, ஏழு, எட்டால் சின்ன பாதியும்! முழுசாக வாரினேன். சித்தி உள்ளேயிருந்து, "யாரு வீட்ல இடி விழுந்துச்சு?" என்றாள்.

அடுத்த ஆட்டத்திலேயே ஆணவம் அடங்கிற்று. மூன்று பேர், ஆளுக்கு இருபது கொட்டை, ஆக அறுபது. என் சின்ன கையும் சித்தப்பாவின் சின்ன கையும் ஒன்றே. பெரிய கைக்கு முப்பது போனது. மிச்சத்தில் ஆளுக்குப் பதினைந்து, அதாவது மொத்தத்தில் கால். ஜெயித்தும் ஐந்து கொட்டை நஷ்டம்! ஹை-லோ ஆடுகிறவர்கள் முழுத் தோல்வியைவிட இந்தக் கால் பங்குக்குத்தான் அதிகம் புலம்புவார்கள். நானும் புலம்பினேன். "அரைக்கால் வரைக்கும் போகலையேன்னு சந்தோஷப்படு" என்றார் சித்தப்பா.

ராத்திரி பன்னிரண்டுக்கு ஒரு பஞ்சாயத்து. குவியலில் நாற்பத்தொரு கொட்டை. பாதியாகப் பிரித்தால் ஒன்று மிஞ்சுகிறது. அதற்கும் விதி இருக்கிறது: மிஞ்சும் ஒற்றை, பெரிய கைக்கு.