மூங்கில் குழிவிரியன்

ரயில்வேயில் இருந்தபோது, ஒரு மழைக்காலத்தில் நேரல்–மாத்தேரான் மலைப்பாதையைப் பார்வையிடச் சென்றேன். சறுக்காமலிருக்க மூங்கில் கொம்பைப் பிடிக்கக் கை நீட்டினேன். கூட வந்த கேங்மேன் சட்டென்று தடுத்தார். இலையோடு இலையாக ஒரு பச்சைப் பாம்பு!

அதுதான் மூங்கில் குழிவிரியன். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழ்வது. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவிலுள்ள குழியால் இரையின் உடற்சூட்டை இருட்டிலும் அறியும். முட்டையிடாது, குட்டி போடும்.

கடித்தால் கடும் வலி, வீக்கம், உயிரிழப்பு அரிது. ஆனால் நம் நாட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய 4 பாம்புகளுக்கென்றே தயாரிக்கப்படுகிறது. ஆகவே டாக்டரிடம் பாம்பின் நிறத்தையும் கடித்த இடத்தையும் தவறாமல் சொல்லுங்கள். காயத்தைக் கீறவோ இறுகக் கட்டவோ வேண்டாம்.

மழையில் குடும்பத்தோடு மாத்தேரான் போகும் அன்பர்களே, கொம்பைப் பிடிக்குமுன் ஒருமுறை உற்றுப் பாருங்கள்.