அப்பன் யார்? காட்டிக் கொடுத்தது கரும்புள்ளி!

கொளத்தூர் மொட்டை மாடியில் கலர் மீன் விவகாரம்

சென்னை கொளத்தூரில் கலர் மீன் தொட்டி இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அங்கே ஒரு வாடகை வீட்டு மொட்டை மாடியில் எட்டு சிமெண்டுத் தொட்டிகள். சொந்தக்காரர் முன்பு அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தவர். இப்போது மனைவியின் வளையல் அடகுக் கடையில் தூங்குகிறது. எல்லாம் ஒரு கப்பி மீனுக்காக!

அது ஆண் மீன். உடம்பு தங்க நிறம். முதுகுத் துடுப்பில் மட்டும் திருஷ்டிப் பொட்டு வைத்தது போல் ஒரு கரும்புள்ளி. அதே மாதிரி நூறு மீன் தயார் செய்தால் வளையலை மீட்டு விடலாம் என்பது அவர் போட்ட கணக்கு.

சாதா சாம்பல் நிறப் பெண் மீன்களோடு அதை விட்டார். நாலு வாரத்தில் குட்டிகள். (கப்பி முட்டையிடாது, குட்டிதான் போடும்.) 40 குட்டி. நாற்பதும் சாம்பல்!

"நல்லா ஏமாந்துட்டீங்க. வித்துப்புட்டு வேற வேலையப் பாருங்க" என்று மனைவி சத்தம் போட்டார்.

ஆனால் குட்டிகள் வளர்ந்ததும் ஓர் அதிசயம். ஆண் குட்டி அத்தனைக்கும் அதே கரும்புள்ளி! பெண் குட்டி ஒன்றுக்குக்கூட இல்லை.

அப்பன் சொத்து

இதற்கு விடை 1920-லேயே கிடைத்து விட்டது. டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில், பீருக்குப் பேர் போன கார்ல்ஸ்பர்க்கின் ஆய்வுக்கூடம். அங்கே யோகன்னஸ் ஷ்மிட் என்ற விஞ்ஞானி, இந்தக் கரும்புள்ளி தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகிறது என்று கண்டார். ஆணுக்கு மட்டும் உள்ள 'ஒய்' குரோமோசோமில் அந்த மரபணு உட்கார்ந்திருக்கிறது. அதே இடத்தில் வேலை பார்த்த விங்கே என்பவர் 1927-ல் கப்பியின் 18 மரபணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று எழுதி வைத்தார்.

தங்க நிறம் வேறு சமாசாரம். தாய், தகப்பன் இரண்டு பக்கமும் வந்தால்தான் வெளியே தெரியும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் சாம்பல் அதை மூடிவிடும். அண்ணன், தங்கை மீன்களைச் சேர்த்தால் சுமார் நாலில் ஒன்று தங்கமாகப் பிறக்கும். (மீனுக்கு ஏது முறை?)

கல்லூரியில் படிக்கும் மகள் நோட்டில் கட்டம் போட்டு இதை விளக்க, அவர் மறுபடி இறங்கினார். இரண்டு தொட்டிகளில் ஜோடி சேர்த்தார். ஒன்றில் 38 குட்டி. அதில் 9 தங்கம். இன்னொன்றில் 35 குட்டி. தங்கம் ஒன்றுகூட இல்லை!

வந்தவன் யார்?

"தங்கம் வரலன்னா நேரம் சரியில்லனு விட்டிருப்பேன். ஆம்பளக் குட்டி ஒன்னுக்குக்கூட புள்ளி இல்லையே! அப்பவே தெரிஞ்சுபோச்சு, அப்பன் வேற ஆளு" என்கிறார் அவர்.

ஜோடி சேர்ப்பதற்கு முன்பே, மழையில் தொட்டி தளும்பிய ராத்திரி, பக்கத்துத் தொட்டியின் சாதா ஆண் ஒன்று தாவி வந்திருக்கிறது. மறுநாள் காலையிலேயே அதைப் பிடித்து வெளியேற்றி விட்டார். பிரயோஜனம் இல்லை. ஒரு தடவை சேர்ந்தால் போதும். பெண் கப்பி விந்தை மாதக்கணக்கில் உள்ளே வைத்திருந்து, ஆண் இல்லாமலே அடுத்தடுத்து குட்டி போடும். அந்தப் பெண் மீன்களை இனி நம்ப முடியாது. கொசுப் புழு தின்னட்டும் என்று பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குக் கொடுத்து விட்டார்.

இப்போது எட்டுத் தொட்டிக்கும் வலை போட்டிருக்கிறார். தங்கம் ஒன்பதில் ஆண் நாலு. நாலுக்கும் புள்ளி வந்து விட்டது. வளையலுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது.